போக்கிமோன் போட்டிச் சண்டை: சுங்கை சிப்புட் தோட்டப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் டவுனிலும் லிந்தாங் சாலைப் பக்கத்துத் தோட்டங்களிலும் போக்கிமோன் ஆடுகிற பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. விதிகளும் எண்களும் 2022 நவம்பரில் வெளிவந்த ஸ்கார்லெட், வயலட் ஆட்டங்களுக்கானவை. எந்தப் போக்கிமோனுக்கு அனுமதி உண்டு என்பது பருவத்துக்குப் பருவம் மாறும். அடியில் இருக்கும் கணக்கு அவ்வளவு சீக்கிரம் மாறாது.

கார்ட்டூனில் பார்த்த அதே சண்டைதானே? இதில் போட்டி என்ன இருக்கிறது?

பெயர்தான் ஒன்று. கதை ஆட்டத்தில் எதிரி கணினி. புல்லுக்குள் நடந்து லெவலை ஏற்றிக்கொண்டே போனால் மூளையைக் கசக்காமல் ஜெயித்துவிடலாம். போட்டியில் எல்லாப் போக்கிமோனும் லெவல் 50. எதிரில் இருப்பவரும் உங்களைப் போல ஒரு மனிதர்.

இன்னொரு பெரிய வித்தியாசம், சதுரங்கம்போல இங்கே மாறி மாறிக் காய் நகர்த்துவதில்லை. இருவரும் ஒரே நேரத்தில், ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாமல், ‘மூவ்’ எனப்படும் தாக்குதலையோ தந்திரத்தையோ தேர்ந்தெடுக்க வேண்டும். பள்ளிக்கூடத்துத் திடலில் ‘ஒன் டூ சோம்’ போட்டிருப்பீர்கள்: கல் பறவையை அடிக்கும், பறவை தண்ணீரைக் குடிக்கும், தண்ணீர் கல்லை மூழ்கடிக்கும். நெருப்பு, தண்ணீர், புல் என்ற போக்கிமோன் வட்டமும் அதே வகைதான். ஆனால் ஒன் டூ சோமில் கையை நீட்டும்வரை எந்தத் துப்பும் கிடைக்காது. இங்கே எதிராளியின் ஆறு போக்கிமோனும் கண் முன்னால் நிற்கின்றன. அவர் எதற்குப் பயப்படுகிறார், எதை விட்டுக்கொடுக்க மாட்டார் என்று ஊகிக்க முடியும். ஆடுகிறவர்களை வருஷக்கணக்கில் பிடித்து வைத்திருப்பது இந்த ஊகம்தான்.

இங்கே எல்லாரும் மொபைல் லெஜண்ட்ஸ்தான் ஆடுகிறார்கள். அதை விட்டு இது எதற்கு?

விட வேண்டியதில்லை, இரண்டையும் ஆடுகிறவர்கள் நிறைய. மொபைல் லெஜண்ட்ஸில் ஐந்து பேர் கூட வேண்டும், கை வேகமாக ஓட வேண்டும், லைன் ஒரு நொடி திணறினாலும் செத்துப்போவீர்கள். போக்கிமோனில் ஒரு டர்னுக்கு 45 நொடி இருக்கிறது. பழைய ஹேண்ட்போன், மெதுவான லைன், உடைந்த ஸ்கிரீன் எதுவும் உங்கள் முடிவைக் கெடுக்காது. தோற்றால் பழிபோட டீம் தோழனும் கிடையாது. சிலருக்கு அதுவே இதில் பிடிக்காத விஷயம்.

ஆரம்பிக்க என்ன வேண்டும்? எவ்வளவு செலவாகும்?

பழகுவதற்குக் காசு வேண்டாம். ‘போக்கிமோன் ஷோடவுன்’ என்ற இலவசத் தளம் பிரௌசரிலேயே ஓடும். பெயர் ஒன்றைப் பதிந்துகொண்டு, டீம் பில்டரில் ஆறு போக்கிமோனைப் போட்டால் உடனே சண்டைக்குப் போகலாம். பெரும்பாலும் எழுத்தும் சிறு படங்களுமாக இருப்பதால் டேட்டாவை அவ்வளவாக இழுக்காது. முதல் தடவை திறக்கும்போது மட்டும் வைஃபை உள்ள இடத்தில் திறப்பது நல்லது.

அதிகாரப்பூர்வப் போட்டிக்கு நிண்டெண்டோ சுவிட்ச் கருவியும் ஆட்டமும் வேண்டும். இரண்டும் சேர்ந்தால் ஆயிரம் வெள்ளியைத் தாண்டும். ஆறு மாதமாவது ஷோடவுனில் ஆடிப் பார்க்காமல் அந்தக் காசைப் போடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. ஷோடவுன் டீம்கள் அந்தந்த பிரௌசரின் நினைவகத்தில் இருக்கின்றன. சைபர் கஃபேயிலோ அண்ணனுடைய லேப்டாப்பிலோ கட்டிய டீம், யாராவது ஹிஸ்டரியைத் துடைத்தால் காணாமல் போகும். டீம் பில்டரில் ‘எக்ஸ்போர்ட்’ அழுத்தினால் டீம் முழுவதும் எழுத்தாக வரும். அதை உங்களுக்கு நீங்களே வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஆட்டம் எப்படி நடக்கும்?

அதிகாரப்பூர்வ முறை இரட்டைச் சண்டை. இந்தப் போட்டி வரிசையைச் சுருக்கமாக விஜிசி என்பார்கள். ஆறு போக்கிமோனைக் கொண்டு வருவீர்கள். இருவருடைய ஆறும் 90 நொடி திரையில் தெரியும். அதற்குள் நான்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: முதலில் களமிறங்கும் இரண்டு, பின்னால் காத்திருக்கும் இரண்டு. ஒரே போக்கிமோன் இரண்டு கூடாது, ஒரே பொருளை இரண்டு போக்கிமோன் வைத்திருக்கவும் கூடாது. ஒவ்வொருவருக்கும் மொத்த யோசனை நேரம் 7 நிமிடம், ஆட்டம் அதிகபட்சம் 20 நிமிடம். ஒரு சண்டையில் ஒரே ஒரு தடவை ஒரு போக்கிமோனை ‘டெரா’ செய்து நெருப்பு, தண்ணீர் என்ற அதன் வகையை மாற்றலாம்.

பெரிய போட்டிகளில் டீம் தாளை இருவரும் மாற்றிக்கொள்வார்கள். மூவ், திறன், பொருள், டெரா வகை எல்லாம் அதில் இருக்கும். ஈவி எனப்படும் பயிற்சிப் புள்ளிகள் இருக்காது. புதியவர்கள் அந்தத் தாளை வாங்கி மடித்துப் பக்கத்தில் வைத்துவிடுகிறார்கள். பாதி ஆட்டம் அந்தத் தாளில்தான் இருக்கிறது.

ஈவி என்றால் என்ன? எல்லாரும் 252, 252, 4 என்று ஏதோ சொல்கிறார்கள்.

ஒரு போக்கிமோனுக்கு மொத்தம் 510 ஈவி கொடுக்கலாம், தாக்குதல், வேகம் போன்ற ஒரு குணத்துக்கு 252க்கு மேல் ஏறாது. லெவல் 50இல் முதல் 4 ஈவிக்கு ஒரு புள்ளி கூடும், அதன்பின் 8க்கு ஒன்று. 252 போட்டால் 32 புள்ளி. அதனால்தான் 4, 12, 20, 28 என்று போடுவார்கள். 10 என்று போட்டால் 6 வீண்.

இரண்டு குணத்தை முழுக்க நிரப்பிவிட்டு மிச்சம் 6இல் 4ஐ எதிலாவது போடுவது ஆரம்பத்துக்குப் போதும். கொஞ்சம் பழகியபின் கேள்வி மாறும்: ‘இந்த ஒரு அடியைத் தாங்க எவ்வளவு வேண்டும்? இந்த ஒரு ஆளை முந்த எவ்வளவு வேண்டும்?’ தேவைக்கு மேல் ஒரு புள்ளியும் கொடுக்காமல் மிச்சத்தை வேறு இடத்தில் போடுவார்கள். வாரச் சம்பளத்தை வைத்துக் குடும்பம் நடத்துகிற கணக்குதான்.

சுவிட்ச் ஆட்டத்தில் புதிதாகப் பிடித்த போக்கிமோனுக்கு ஒரு குணத்தை வைட்டமினால் நிரப்ப 26 வைட்டமின் வேண்டும். ஒன்று 10 ஈவி தரும்: 25 கொடுத்தால் 250, கடைசி ஒன்று 2க்காக. கதை ஆட்டத்தில் தன்பாட்டுக்குச் சண்டை போட்டு வளர்த்த போக்கிமோனில் ஏற்கெனவே தாறுமாறாக ஈவி ஏறியிருக்கும். அதைக் குறைக்கத் தனி பெர்ரிகள் உண்டு. இதைப் பார்க்காமல் வைட்டமின் கொடுத்து, ‘மொத்தம் நிரம்பிவிட்டது, ஏற மாட்டேன் என்கிறது’ என்று வருகிறவர்கள் அதிகம்.

வேகத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறார்களே, அவ்வளவு முக்கியமா?

அடி எவ்வளவு பலம் என்பதைவிட, யார் முதலில் அடிப்பது என்பது பல ஆட்டங்களை முடித்துவிடும். சில எண்கள் மனப்பாடமாக இருக்க வேண்டும். வேகத்துக்கு உதவும் சுபாவமும் 252 ஈவியும் இருந்தால் ஃப்ளட்டர் மேன் 205, கார்ச்சாம்ப் 169, உர்ஷிஃபூ 163. ஈவியே போடாத இன்சினரோர் 80. வேண்டுமென்றே மெதுவாக்கிய அமூங்கஸ் 31, டார்கோல் 22.

வேண்டுமென்றே மெதுவாக்குவது எதற்கு என்றால், ‘டிரிக் ரூம்’ என்ற மூவுக்காக. அது போட்டால் மெதுவானவர் முந்துவார். 5 டர்ன் நிற்கும் என்று எழுதியிருந்தாலும் போடுகிற டர்னும் அதில் சேர்த்தி. எல்லாருக்கும் கடைசியில்தான் அந்த மூவ் நடக்கும் என்பதால் உங்களுக்குக் கிடைப்பது 4 டர்ன். ‘டெய்ல்விண்ட்’ உங்கள் பக்கத்து வேகத்தை இரட்டிப்பாக்கும், போட்ட டர்னையும் சேர்த்து 4. விரலை மடக்கியாவது எண்ணுங்கள். டெய்ல்விண்ட் முடிந்த அடுத்த டர்னில், முடியவில்லை என்ற நினைப்பில் அடிக்கப் போய்த் தோற்பது வாராவாரம் நடக்கிறது.

அடி எவ்வளவு விழும் என்று எப்படித் தெரியும்?

டேமேஜ் கால்குலேட்டர் உண்டு, இணையத்தில் இலவசம். ஆனால் அது சொல்வது ஏன் ஒரு எண்ணாக இல்லாமல் வரம்பாக இருக்கிறது என்று புரிய வேண்டும். ஒவ்வொரு அடியும் 85 முதல் 100 விழுக்காடுவரை 16 அளவுகளில் ஏதோ ஒன்றாக விழும். தன் வகை மூவ் என்றால் ஒன்றரை மடங்கு, எதிரியின் பலவீனம் என்றால் 2 மடங்கு, ஒரே மூவ் இருவர்மேல் பாய்ந்தால் முக்கால் பங்கு.

ஒரு உதாரணம். தாக்குதலை முழுக்க ஏற்றிய ஃப்ளட்டர் மேன் ‘மூன்பிளாஸ்ட்’ அடிக்கிறது. எதிரில் தாங்கும் ஈவி எதுவும் போடாத தண்ணீர் உர்ஷிஃபூ, எச்பி எனப்படும் உயிர்ப் புள்ளி 175. விழும் அடி 252 முதல் 296. சாவு நிச்சயம். அதே உர்ஷிஃபூ தண்ணீர் வகைக்கு டெரா செய்தால் பலவீனம் போய்விடும்: 126 முதல் 148. உயிரோடு நின்று திருப்பி அடிக்கும். ‘டெரா செய்வானா’ என்ற ஒரு கேள்விமேல் எத்தனை ஆட்டம் தொங்குகிறது என்பது இந்த இரண்டு எண்களைப் பார்த்தால் விளங்கும்.

ஒரே ஒரு டர்னை முழுசாக விளக்க முடியுமா? பார்க்கிறவர்களுக்கு ஒன்றுமே புரிவதில்லை.

முடியும். முதல் டர்ன். நம் பக்கம் இன்சினரோர், ஃப்ளட்டர் மேன். எதிரில் ரில்லாபூம், தண்ணீர் உர்ஷிஃபூ. இறங்கியவுடனே இன்சினரோரின் ‘இன்டிமிடேட்’ எதிரிகள் இருவரின் தாக்குதலையும் ஒரு படி இறக்குகிறது. ரில்லாபூம் தரையைப் புல்வெளி ஆக்குகிறது. அந்தத் தரைமேல் அதன் ‘கிராஸி கிளைட்’ மற்ற அடிகளை முந்தும்.

எதிராளிக்கு இரண்டு நல்ல திட்டம் உண்டு. முதல் திட்டம்: ரில்லாபூம் ‘ஃபேக் அவுட்’ அடித்து இன்சினரோரை அந்த டர்ன் அசையவிடாமல் செய்ய, உர்ஷிஃபூ ‘சர்ஜிங் ஸ்டிரைக்ஸ்’ அடித்து அதை வீழ்த்தும். அந்த மூவ் மூன்று முறை விழும், மூன்றும் எப்போதுமே கிரிட்டிக்கல், அதாவது வழக்கத்தைவிடப் பலமான அடி. கிரிட்டிக்கல் அடி தாக்குதல் இறக்கத்தைக் கண்டுகொள்ளாது, ஆகவே இன்டிமிடேட் இங்கே பிரயோஜனமில்லை. அந்த டர்ன் அடி படாமல் காக்கும் ‘புரொடெக்ட்’ போட்டாலும் உர்ஷிஃபூவின் திறன் அதைத் துளைத்துக்கொண்டு வரும்.

இரண்டாவது திட்டம்: கிராஸி கிளைட், ‘அக்வா ஜெட்’ இரண்டையும் ஃப்ளட்டர் மேன்மேல் இறக்குவது. இரண்டுமே முந்தும் மூவ்கள், 205 வேகம் உதவாது. இன்டிமிடேட் விழுந்திருப்பதால் ஃப்ளட்டர் மேன் மயிரிழையில் பிழைக்கலாம். எதிரிகளில் ஒருவர் தாக்குதலைக் கூட்டும் பொருள் வைத்திருந்தால் விழ வாய்ப்பு அதிகம்.

நமக்கும் இரண்டு வழி. ஒன்று, இன்சினரோரை உள்ளே இழுத்து அமூங்கஸை இறக்கிவிட்டு ஃப்ளட்டர் மேனால் உர்ஷிஃபூமேல் மூன்பிளாஸ்ட். முதல் திட்டத்துக்கு இது அருமையான பதில்: ஃபேக் அவுட் வீண், தண்ணீர் அடி அமூங்கஸ்மேல் பாதிதான். மற்றது, இன்சினரோரின் ஃபேக் அவுட்டை ரில்லாபூம்மேல் அடித்து, அதே மூன்பிளாஸ்ட். இரண்டாவது திட்டத்தை இது உடைக்கும். ஃபேக் அவுட் கிராஸி கிளைடைவிட முந்தியது. தனியே வரும் அக்வா ஜெட்டை ஃப்ளட்டர் மேன் தாங்கும்.

தப்பாக ஊகித்தால்? எதிராளி இரண்டாவது திட்டம் போட நாம் அமூங்கஸை இறக்கினால் ஃப்ளட்டர் மேன் போகலாம். அவர் முதல் திட்டம் போட நாம் ஃபேக் அவுட் அடிக்க நினைத்தால், ரில்லாபூம் வேகமானது என்பதால் அதன் ஃபேக் அவுட் முந்தும், இன்சினரோர் வாய் பிளந்து நிற்கும். ஆனாலும் ஃப்ளட்டர் மேன் உர்ஷிஃபூவுக்கு முன்னால் அடிக்கும். உர்ஷிஃபூவிடம் ஒரு அடியை 1 எச்பியில் தாங்கவைக்கும் ‘ஃபோகஸ் சாஷ்’ இல்லையென்றால், டெராவும் செய்யவில்லையென்றால், அது அங்கேயே முடிந்தது. சாஷ் இருந்தால் நம் இன்சினரோர் போகும்.

இப்போது டீம் தாளை எடுத்துப் பாருங்கள். சாஷ் இல்லை, பலவீனத்தைப் போக்கும் டெரா வகையும் இல்லை என்றால் ஃபேக் அவுட் வழிதான், யோசிக்க ஒன்றுமில்லை. சாஷ் இருந்தால் அடுத்த கேள்வி: எதிராளி பின்னால் வைத்திருக்கும் இருவருக்கு எதிராக எனக்கு யார் அதிகம் வேண்டும்? அங்கே டிராகன் வகைகள் இருந்தால் ஃப்ளட்டர் மேனை இழக்க முடியாது, இன்சினரோரைப் பலி கொடுக்கலாம். இவ்வளவும் 45 நொடிக்குள். பார்க்கிறவருக்கு ஒரு ஆள் சும்மா ஹேண்ட்போனை வெறித்துக்கொண்டிருப்பதுபோலத்தான் தெரியும்.

ஒரு சிறு குறிப்பு: ஃப்ளட்டர் மேன் பேய் வகை என்பதால் ஃபேக் அவுட் அதன்மேல் விழாது. இதை மறந்து அதையே குறிவைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எதிராளி அப்படி ஆடினால் நன்றி சொல்லிவிட்டுத் தொடருங்கள்.

இது ‘50-50’ என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். உண்மையில் பாதிக்குப் பாதியா?

அபூர்வமாகத்தான். ‘புரொடெக்ட் போடுவான், போடமாட்டான், 50-50’ என்பது யோசிக்கச் சோம்பல்பட்டவன் பேச்சு. இரண்டு வழியிலும் ஊகம் தவறினால் என்ன இழப்பு என்று பாருங்கள். ஒன்றில் ஒரு அடி வீண், மற்றதில் ஆட்டமே போகும் என்றால் அது பாதிக்குப் பாதி அல்ல. புரொடெக்டை அடுத்தடுத்துப் போட்டால் இரண்டாவது தடவை மூன்றில் ஒரு முறைதான் பலிக்கும். போன டர்னில் போட்டவர் இந்த டர்னிலும் போடுவார் என்று பயந்து நிற்பது நஷ்டக் கணக்கு.

டீம் எப்படிக் கட்டுவது? ஆறு பலசாலிகளைப் போட்டாலும் தோற்கிறேன்.

ஆறு பேரும் கோல் அடிக்கிறவர்கள் என்றால் அது ஃபுட்சால் டீமா? முதலில் ஒரு இரட்டையைப் பிடியுங்கள்: அடிக்கிற ஒருவர், அவருக்கு வழி செய்து கொடுக்கிற ஒருவர். அந்த இரட்டையைத் தோற்கடிப்பது எது என்று எழுதி, அதற்குப் பதில் சொல்லும் இருவரைச் சேருங்கள். வேகத்தைக் கையாள ஒரு வழி கட்டாயம் வேண்டும்: டெய்ல்விண்ட், டிரிக் ரூம், எதிரியை மெதுவாக்கும் ‘ஐசி விண்ட்’, ஏதாவது ஒன்று. கடைசி இருவர் ஓட்டையை அடைக்க.

ஷோடவுனில் அதிகம் ஆடப்படும் பத்துப் போக்கிமோனை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிராக ஆறில் எந்த நான்கைக் கொண்டுபோவேன் என்று எழுதிப் பாருங்கள். மூன்று இடத்தில் எழுத முடியாமல் கை நின்றால் டீமில் குறை இருக்கிறது. ஆறில் ஒன்று எந்த வரிசையிலும் வரவே இல்லை என்றால் அதைத் தூக்கிவிடலாம்.

பிறகு டீமைத் தொடாமல் இருபது ஆட்டம் ஆடுங்கள். இரண்டு ஆட்டம் தோற்றவுடன் ஒரு போக்கிமோனை மாற்றுகிறவர் டீமையும் கற்பதில்லை, ஆட்டத்தையும் கற்பதில்லை.

மற்றவர் டீமைக் காப்பி அடிப்பது வெட்கமில்லையா?

இல்லை. போட்டிகளில் ஜெயித்த டீம்கள் வெளிப்படையாகக் கிடைக்கின்றன. ஆரம்பத்தில் சொந்த டீம் கட்டினால் தோல்விக்குக் காரணம் டீமா, ஆடியவரா என்று பிரித்துச் சொல்லவே முடியாது. நல்ல டீமைக் கடன் வாங்குங்கள். ஒவ்வொரு மூவும் பொருளும் ஏன் அங்கே இருக்கிறது என்று சொல்லத் தெரிந்தபின் சொந்தமாகக் கட்டுங்கள்.

எனக்குப் பிடித்த போக்கிமோன் பலவீனமானது. அதை வைத்து ஜெயிக்க முடியுமா?

2014 உலகப் போட்டியைத் தென்கொரியாவின் செஜுன் பார்க் ஜெயித்தபோது அவர் டீமில் பாச்சிரிசு இருந்தது, கையளவு மின்சார அணில். எல்லாரும் அதை ‘பாசம் ஜெயித்த கதை’ என்று சொல்கிறார்கள். அப்படி இல்லை. அவர் டீமில் இருந்த கியாரடோஸுக்கு மின்சாரம் 4 மடங்கு பலவீனம். பாச்சிரிசு ‘ஃபாலோ மீ’ போட்டு எதிரியின் அடியைத் தன்மேல் இழுக்கும். மின்சார அடி பட்டால் அதன் திறனால் எச்பி ஏறும். அந்த வேலைக்கு அதுதான் சரியான ஆள்.

ஆகவே உங்கள் போக்கிமோனுக்கு என்ன வேலை என்று கேளுங்கள். அதே வேலையை வேறொன்று இன்னும் நன்றாகச் செய்யுமென்றால், பிடித்ததை வைத்து ஆடலாம், ஆனால் விலை கொடுத்து ஆடுகிறீர்கள் என்று தெரிந்து ஆடுங்கள். அப்படி ஆடுகிறவர்களை யாரும் குறைவாக நினைப்பதில்லை.

எல்லாம் அதிர்ஷ்டம்தான் என்கிறான் என் தம்பி.

தம்பி சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு. ‘ராக் ஸ்லைட்’ 90 விழுக்காடு விழும், விழுந்தவரை 30 விழுக்காடு அசையவிடாமல் செய்யும். இருவர்மேலும் பாய்வதால் குறைந்தது ஒருவராவது உறைந்து நிற்க 100க்கு 47 வாய்ப்பு. கிட்டத்தட்டப் பாதி. அதைத் ‘துரதிர்ஷ்டம்’ என்று சொல்வதே தப்பு, அது எதிராளியின் திட்டம். அதேபோல 90 விழுக்காடு மூவ் நான்கும் தொடர்ந்து விழ வேண்டும் என்று திட்டம் போட்டால் 100க்கு 34 முறை எங்கோ ஒன்று தவறும். நூற்றுக்கு நூறு விழும், ஆனால் பலம் குறைந்த மூவைக் கடைசி அடிக்கு வைத்திருப்பவர் ‘லக்கி’யாகத் தெரிவார். 24இல் ஒரு முறை வரும் கிரிட்டிக்கல் அடியில் தோற்றால் மட்டும் பல்லைக் கடித்துக்கொள்ளலாம்.

தோற்ற ஆட்டத்தின் ரீப்ளேயைச் சேமித்து, மறுநாள் பாருங்கள். அன்றைக்கே பார்த்தால் கண்ணில் கடுப்புதான் தெரியும். ஒவ்வொரு டர்னிலும் நிறுத்தி, ‘அப்போது எனக்குத் தெரிந்ததை வைத்து இது சரியான முடிவா’ என்று மட்டும் கேளுங்கள். சரியான முடிவு எடுத்துத் தோற்ற டர்னை விட்டுவிடுங்கள். தப்பான முடிவு எடுத்தும் ஜெயித்த டர்னைக் குறித்துக்கொள்ளுங்கள், அதைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

சாயங்காலம் இடி மழை வந்தால் லைன் போய்விடுகிறது. ஆட்டம் என்ன ஆகும்?

ஷோடவுனில் நேரம் ஓடிக்கொண்டிருக்கும். அது முடிவதற்குள் அதே பெயரில் திரும்ப நுழைந்தால் விட்ட இடத்திலிருந்து ஆடலாம். வீட்டு வைஃபை நின்றால் ஹேண்ட்போன் டேட்டாவுக்கு மாறுங்கள், பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். செம்பனைக் காட்டுக்கு நடுவில் லைன் ஒரு கோடுதான் காட்டுகிறது என்றால் தரவரிசைப் புள்ளிக்கு ஆடும் ஏணி ஆட்டம் வேண்டாம், நண்பரோடு புள்ளியில்லாத ஆட்டம் ஆடுங்கள். ஏணியில் எல்லாரும் 1000 புள்ளியில் ஆரம்பிப்பார்கள். இடி இடித்துப் போன புள்ளியும் போன புள்ளிதான்.

அம்மா அப்பா கேட்கிறார்கள்: படிப்பு கெடாதா? சூதாட்டமா? யாரோடு பேசுகிறான்?

காசு கட்டி ஆடுவது இதில் கிடையாது. யாராவது பந்தயம் கட்டச் சொன்னால் அது ஆட்டத்தின் பகுதி அல்ல, விலகச் சொல்லுங்கள். ஷோடவுனில் முன்பின் தெரியாதவர்களோடு அரட்டைப் பெட்டி உண்டு. சின்னப் பிள்ளைகளுக்கு எதிராளியின் அரட்டையை மூடிவிடுங்கள், பெயரில் பள்ளிக்கூடமோ பிறந்த வருஷமோ வேண்டாம். நேரத்தைப் பொறுத்தவரை, ‘ஒரு மணி நேரம்’ என்பதைவிட ‘நாலு ஆட்டம்’ என்று கணக்கு வையுங்கள். ஆட்டம் நடுவில் ஹேண்ட்போனைப் பிடுங்கினால் வரும் சண்டை பாதி குறையும். எஸ்.பி.எம். தேர்வு வருஷத்தில் வார இறுதி மட்டும் போதும், ஆட்டம் ஓடிப்போகாது.

படிப்புக்கு உதவும் என்று பெரிதாக வாக்குக் கொடுக்க முடியாது. விழுக்காடும் பின்னமும் மட்டும் தானாக வந்துவிடும்.

தொடர்ந்து ஐந்து ஆட்டம் தோற்றால்?

மூன்றாவதிலேயே நிறுத்தியிருக்க வேண்டும். கடுப்பில் ஆடுகிறவர் எதிராளியை ஊகிப்பதை விட்டுவிட்டு, கையில் இருப்பதிலேயே பெரிய அடியைத் தேடுவார். போய்த் தே தாரேக் குடியுங்கள்.

முதல் நேரடிப் போட்டிக்குப் போகிறேன். எதில் தவறுவேன்?

பெரும்பாலும் சண்டையில் இல்லை, தாளில். டீம் தாளில் எழுதிய மூவும் கருவியில் உள்ள மூவும் ஒன்றாக இருக்க வேண்டும். முதல் நாள் இரவு ஒரு மூவை மாற்றிவிட்டுத் தாளை மாற்ற மறப்பவருக்குத் தண்டனை விழும். நண்பர் ஒருவரிடம் தாளைக் கொடுத்து, நீங்கள் திரையைப் பார்த்து வாசிக்க அவர் சரிபார்க்கட்டும். கருவியை முழுக்கச் சார்ஜ் செய்து, வயரும் பவர் பேங்கும் எடுத்துக்கொள்ளுங்கள். கோலாலம்பூருக்கு ரயிலில் போவதென்றால் எல்லா இ.டி.எஸ். வண்டியும் சுங்கை சிப்புட்டில் நிற்கும் என்று நினைத்துவிடாதீர்கள், டிக்கெட் எடுக்கும்போதே பாருங்கள்.

பெரும்பாலும் மூன்று ஆட்டத்தில் இரண்டு ஜெயிக்க வேண்டும். முதல் ஆட்டத்தில் எதிராளி எந்த நான்கைக் கொண்டுவந்தார், யார் யாரை முந்தினார் என்று எழுதி வைக்கலாம், வெற்றுத் தாளும் பேனாவும் கொண்டுபோங்கள். முடிந்ததும் முடிவுச் சீட்டில் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள். ஜெயித்த சந்தோஷத்தில் தோற்றவர் கட்டத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் உண்டு.